இடப்பக்கமாக விரியும் பூ

பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கரைத்துக் கிண்டும்போது ஒரு வாசனை வரும். பாதி கஞ்சி வாசனை, பாதி செம்புக்குடத்தின் அடி வாசனை. இன்றைக்கும் என் பட்டறையில் பசை காய்ச்சினால் எனக்கு ஞாபகத்துக்கு வருவது பத்து வயதில் இருந்த என் இடக்கைதான். ரோஸ் கலர் பேப்பரின் சாயம் ஏறி, மணிக்கட்டு வரைக்கும் சிவந்து கிடந்த கை.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், மேடைக்குக் காகிதப்பூ என்றால் யார் பெயரைச் சொல்கிறார்கள் என்று. முப்பது பெண்கள் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். அதில் இரண்டு பேர் காலேஜ் முடித்தவர்கள். ரோஜா மொட்டு சரியாக உட்காராவிட்டால் அவர்களும் என்னிடம்தான் வந்து நிற்கவேண்டும். நான் படித்தது ஐந்தாவது. மேலே ஏன் படிக்கவில்லை என்று கேட்பவர்களிடம் இதுவரை வீட்டில் வசதி இல்லை என்றுதான் சொல்லிவந்தேன். அது பொய். என்னைப் படிக்கவிடாமல் செய்தது நான் சுற்றிய பூ.

இந்தப் பூ ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. பேப்பரை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, ஒரு ஓரத்தை அலை அலையாக வெட்டி, ஈர்க்குச்சியில் சுற்றிக்கொண்டே போய், அடியில் பசை வைத்து, இதழ்களை நகத்தால் ஒவ்வொன்றாக வெளியே தள்ளிவிட்டால் ரோஜா. ஆனால் சுற்றுகிற கை எதுவோ அந்தப் பக்கமாகத்தான் இதழ் விரியும். ஊரில் எல்லோர் பூவும் வலமாக விரியும். என் பூ இடமாக விரியும், ஏனென்றால் எனக்கு எல்லாமே இடக்கை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "பீச்சாங்கை". அந்தக் கையால் சோற்றில் கை வைத்தால் அம்மா கரண்டிக் காம்பால் முட்டியில் தட்டுவாள். "அந்தக் கையால எதயும் தொடாத, வூட்டுக்கு ஆவாது" என்பாள். பூ சுற்றும்போது மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள், பார்க்காதவள் மாதிரி போய்விடுவாள்.

என்னைவிட எட்டு வயது மூத்தவள் என் அக்கா. அவளுக்குக் கோலம் வரும், சமையல் வரும், பூ வராது. அவள் சுற்றினால் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். அவளைப் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் பதிலே சொல்லாமல் போயிருந்தார்கள். மூன்றாவதாக விழுப்புரத்திலிருந்து ஒரு இடம் வருகிறது, மாப்பிள்ளையின் அம்மா கைவேலையில் கெட்டிக்காரி, பெண்ணுக்குக் கைவேலை தெரியுமா என்றுதான் முதலில் கேட்பார் என்று தரகர் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்த மாசம் அது. கடலைத் தொலி உரிக்கிற வேலையிலிருந்து அம்மா என்னை மட்டும் எழுப்பி, ஒரு அட்டையையும் கலர் பேப்பரையும் கையில் கொடுத்தாள். "நல்வரவு" என்று எழுத்து வெட்டி ஒட்டி, சுற்றிலும் முப்பத்திரண்டு ரோஜா வைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டவேண்டும். யார் செய்தது என்று கேட்டால் அக்கா.

எனக்கு அதில் வருத்தமே இல்லை, ஏனென்றால் நான் பூ சுற்றச் சுற்ற அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

"இந்த எடம் மட்டும் கூடி வந்திச்சின்னா உன்ன எங்கூடவே இட்டுக்கினு போய்டுவேன்டி. அவங்க வூட்டுக்குப் பின்னாடியே பொண்ணுங்க ஸ்கூலாம். ஆறாவுது அங்க சேத்துடறேன்."

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. அதற்குமேல் திண்டிவனத்துக்கு பஸ்ஸில் போகவேண்டும், பெண் பிள்ளையைத் தனியாக பஸ் ஏற்றமாட்டாள் அம்மா. அதனால் அந்த முப்பத்திரண்டு பூவையும் நான் ஆறாம் வகுப்புக்காகச் சுற்றினேன்.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மாள் காபியைத் தொடுவதற்கு முன் சட்டத்தைத்தான் பார்த்தார். "யாரு செஞ்சது இது?" என்றார்.

"எங்க பெரியவதாங்க. சும்மாவே இருக்கமாட்டா" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் சட்டத்தைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "எல்லாப் பூவும் எடமா விரியுது. நானும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சுத்திக்கினுதான் இருக்கறேன், எனக்கு இப்டி வந்ததில்ல. இன்னாம்மா கணக்கு இது?"

அம்மா கையிலிருந்த தம்ளர் அப்படியே நின்றுவிட்டது. நான் கதவுக்குப் பின்னால் சாயம் ஏறிய கையைப் பாவாடை மடிப்பில் சுருட்டி வைத்துக்கொண்டேன். அக்கா தலை நிமிராமல் சொன்னாள்:

"திருவக்கரை அம்மன வலமாவும் சுத்தறோம், எடமாவும் சுத்தறோம் இல்லீங்களா. அந்த அம்மனுக்கு வேண்டிக்கினு சுத்தனதுங்க."

திருவக்கரை பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். அம்மனை இடமாகச் சுற்றுவது எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அது அக்காவுக்கு எப்படித் தோன்றியது என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம். அந்த அம்மாள் புருஷன் பக்கம் திரும்பி, "பேப்பர் பூவுல கூட சாமிய வச்சிருக்குது பாருங்க பொண்ணு" என்றார். "ஜல்தியா ஒரு நாள் பாருங்க" என்று அவரே சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். எனக்கு அன்றைக்குக் கோபம் வரவில்லை. அடி வாங்கிய கை சாமி கை ஆகிவிட்டதே என்று சிரிப்புதான் வந்தது.

கல்யாணம் முடிந்தது. அந்தச் சட்டம் சீர்வரிசையோடு விழுப்புரம் போனது. நான் இரண்டு பாவாடையையும் சிலேட்டையும் மஞ்சப்பையில் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பள்ளிக்கூடம் திறந்து, ஆடியும் வந்தது. ஆடிக்கு வந்த அக்கா பையைப் பார்த்துவிட்டு, "மாமியாரு ஒத்துக்கலடி. அடுத்த வருசம் பாக்கலாம்" என்றாள். நான் அதை நம்பினேன். கொல்லையில் போய் நின்று, எங்கோ விழுப்புரத்தில் இருந்த அந்த மாமியாரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

வளைகாப்பு முடிந்து அக்காவைப் பிரசவத்துக்கு விட மாமியாரே வந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

"ஏன் கண்ணு, உன்ன அனுப்பச் சொல்லி எத்தினி தடவ சொன்னேன். எங்க வூட்ல ஒரு வாய் சோத்துக்கா பஞ்சம். படிப்பு ஏறல, வரமாட்டேன்னுட்டியாமே. உங்கக்கா சொன்னா."

அக்கா கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கை நிறைய வளையல், ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை.

மாமியார் தொட்டிலுக்குக் கட்ட வைத்திருந்த கலர் பேப்பரைப் பையிலிருந்து எடுத்தார். "சரி போவட்டும். அக்கா கைவேல உனக்கும் வருதா? ஒண்ணு சுத்து பாக்கலாம்" என்று ஈர்க்குச்சியோடு நீட்டினார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. அந்த வீட்டில் நான் ஒரு வாரம் இருந்தால் போதும், என் கை அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். வேண்டுதலும் இல்லை, கைவேலையும் இல்லை, பீச்சாங்கைத் தங்கச்சிதான் என்று ஒரே ஒரு பூவில் தெரிந்துவிடும். அந்தப் பயத்தில்தான் என் பள்ளிக்கூடம் பறிபோனது. அக்கா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

நான் ஈர்க்குச்சியை வலக்கையில் வாங்கினேன்.

அந்தப் பூ எப்படி வந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். பசை ஒரு பக்கம், இதழ் ஒரு பக்கம். மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா கை தங்கச்சிக்கு வரலியே. போவுது வுடு, மாடு கன்னப் பாத்துக்கினு அம்மாவுக்கு ஒத்தாசையா இரு" என்றார். அவர் சிரித்ததில் தப்பில்லை. அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதை நான் மறக்கவில்லை.

அதற்கப்புறம் நான் எந்தக் கையையும் யாருக்காகவும் ஒளித்ததில்லை. பந்தல்காரருக்கு நாலு மாலை சுற்றிக் கொடுத்ததில் ஆரம்பித்து, யார் தயவும் இல்லாமல் இந்த இடத்துக்கு வந்தேன். என் பட்டறையில் யார் எந்தக் கையால் சுற்றுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை, மற்றவர்களையும் கேட்கவிடுவதில்லை.

போன தை மாதம் அக்கா வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். வரச்சொல்லி அவள் மருமகள் போன் செய்தாள், போனேன். நல்ல பெண், கழற்றி வைத்திருந்த சட்டத்தைத் துடைத்து எடுத்துவந்தாள். துத்தம் போட்ட பசையையும் மீறி ராமபாணப்பூச்சி மூன்று பூவைத் தின்றிருந்தது. மற்ற இருபத்தொன்பதும் சாயம் வெளுத்து, ஆனால் இதழ் கலையாமல், இடமாக விரிந்தபடியே இருந்தன.

"அத்தைக்குக் கை நடுங்குதுங்க, சின்னத்தை. நீங்க மூணு செஞ்சி வச்சிடுங்க. அத்தை திருவக்கரை அம்மனுக்கு வேண்டிக்கினு செஞ்சது இது, தெரியுமில்ல?"

எதிரில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மாமியார் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அவள் புருஷனும் இல்லை, எங்கள் அம்மாவும் இல்லை. ஈரக்கை பட்டால் சாயம் விடுகிற அந்தக் காலத்துப் பேப்பர்கூட இப்போது கிடைப்பதில்லை. பயப்படுவதற்கு அந்த வீட்டில் யாரும் மிச்சம் இல்லை. நான் ஈர்க்குச்சியை இடக்கையில் எடுத்து, அக்கா பார்க்கப் பார்க்க, அவசரப்படாமல் மூன்று பூ சுற்றி, காலி இடங்களில் ஒட்டினேன்.

மருமகள் குனிந்து பார்த்தாள். "நெறத்தத் தவிர அப்டியே இருக்குதுங்க. அதே மாரி எடமா வருதே, எப்டிங்க?"

அக்கா சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அறுபது வருஷம் காத்திருந்தவளுக்கு அந்த ஒரு நிமிஷம் பெரிதில்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே, "அவளுக்கு நான்தான கத்துக்குடுத்தேன்" என்றாள்.

முப்பது பேரை அதட்டி வேலை வாங்குகிற நான் பசை காய்கிறதா என்று பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அப்போது பின்பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. அந்த மணி அந்தக் கூடத்துக்குள் இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அக்காவுக்கு அது தினமும் கேட்டிருக்கும்.