பத்து ரோல்ஸும் ஒரு வோட்டும்

சித்தி கனடாவில் முதன்முதலாக வாக்களித்த ஆண்டில் எனக்குப் பத்து வயது. குடியுரிமை கிடைத்த சூட்டோடு அவள் ஒரு சின்னக் கட்சிக்கு வேலை செய்யப் போனாள். சனிக்கிழமைகளில் நாங்கள் இருந்த அஜின்கோர்ட் பகுதியில் வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். கதவைத் திறக்காமலே கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையசைத்து எங்களை விரட்டியவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

எங்கள் வேட்பாளர் மூன்றாவதாக வந்தார். நாடு முழுவதும் அந்தக் கட்சிக்குக் கணிசமான வாக்குகள் விழுந்திருந்தன. நாடாளுமன்றத்தில் கிடைத்த இடங்களோ கைவிரல்களில் எண்ணி முடிக்கக்கூடியவை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் உறவினர் எங்கள் வீட்டில் கூடினார்கள். வென்றது அப்பா வாக்களித்த கட்சி. தானே பிரதமராகிவிட்டவர் போல் அவர் சோபாவில் சாய்ந்திருந்தார். சாப்பாட்டுக்கு முன்பே சித்தியைச் சீண்டத் தொடங்கினார்.

“உன்ர வோட்டைக் கொண்டுபோய்க் குப்பையில போட்டிட்டாய்.”

சித்தி எழுந்து, அம்மா பொரித்து வைத்திருந்த மட்டன் ரோல்ஸ் தட்டை எடுத்து வந்தாள். அதில் பத்து இருந்தன. வாக்களித்த பெரியவர்களும் பத்துப் பேர். யார் எந்தக் கட்சிக்குப் போட்டது என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். அப்பாவின் கட்சிக்கு நாலு பேர், மாமாவின் கட்சிக்கு மூன்று பேர், சித்தியின் கட்சிக்கு மூன்று பேர். முழுத் தட்டையும் அப்பாவின் மடியில் வைத்தாள்.

“பத்துப் பேரில ஆறு பேர் உங்களை வேண்டாமெண்டவை, அத்தான். எண்டாலும் தட்டு உங்களுக்குத்தான். ஒவ்வொரு தொகுதியிலயும் உதுதான் இஞ்சத்தைய கணக்கு.”

அப்பா சிரித்தபடி ஒன்றைக் கடித்தார். நான் கை நீட்டினேன். சித்தி என் கையைத் தட்டிவிட்டாள். நானும் தோற்ற பக்கம்தானாம். விகிதாசாரத் தேர்தல் என்றால் நாலு, மூன்று, மூன்று என்று பங்கு வந்திருக்கும், விழுந்த வாக்குக்கு ஏற்றபடி ஒவ்வொரு கட்சிக்கும் நாடாளுமன்றத்தில் கதிரை கிடைத்திருக்கும் என்றாள்.

“நாங்கள் விட்டிட்டு வந்த நாட்டிலயும் உந்த விகிதாசாரம்தானே. அங்கை என்னத்தைக் கண்டனீ?” என்றார் அப்பா.

“அங்கை நான் போறதுக்கு முதலே என்ர வோட்டை ஆரோ போட்டிட்டாங்கள். கேட்டதுக்கு, உயிரோட வீட்ட போ எண்டாங்கள்.”

சித்தி கோட்டைக்கூடப் போடாமல் வெளியே போய்க் காருக்குள் இருந்து அழுதாள். அப்பா தட்டை மேசையில் வைத்தார். அதை யாரும் தொடவில்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சித்தியை அழவைத்தவர் அப்பாதான் என்று ஒரு கிழமை அவரோடு பேசவில்லை. ஒருத்தி இரண்டு நாடுகள் மேலும் ஒரே நேரத்தில் கோபப்படலாம் என்பது அந்த வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.