ரிவர்ஸ் இல்லாத தெப்பம்

மழையில் நிரம்பிக் கிடந்த கீழக்குயில்குடி கண்மாய்க்கு மீன் பிடிக்கப் போயிருந்தேன். கரையில் இரண்டு தெர்மாகோல் தெப்பங்கள் இருந்தன. ஒன்றுக்குத் துடுப்பு. இன்னொன்றுக்கு சைக்கிள் பெடல், செயின், பின்னால் தகர விசிறி, முன்னால் ஒரு மணி. இரண்டையும் செய்தவர் தூண்டிலோடு பக்கத்தில் நின்றார்; கோச்சடையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். படிய வாரிய தலை, கிரீஸ் போகாத விரல்கள்.

"எதுலண்ணே ஏறுறது?" என்றேன்.

"துடுப்பு போட்டா ரெண்டு கையும் போச்சு. தூண்டிலை ஒன் மாமனாரா வந்து பிடிப்பாரு? பெடல்ல ஏறு மாப்ள!"

அவர் மிதிக்க, தெப்பம் பறந்தது. எதிரே கொக்கு நின்றாலும் மணியடித்தார், தாமரை இலை வந்தாலும் மணியடித்தார். நடுக் கண்மாயில் அவர் தூண்டிலில் பெரிய கெண்டை ஒன்று மாட்டி, எங்களைத் தாமரைக் கொடிகளுக்குள் இழுத்தது. கொடியில் சிக்கினால் மீன் போய்விடும்.

"ரிவர்ஸ் எடுங்கண்ணே!" என்று கத்தினேன்.

அவர் பின்னோக்கி மிதித்தார். செயின் பல்சக்கரத்து ஃப்ரீவீல் கிர்ரென்று சும்மா சுற்றியதே தவிர தெப்பம் பின்னால் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சைக்கிளுக்கு ஏது மாப்ள ரிவர்ஸ்?"

இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தபடியே என் செருப்புகளைக் கழற்றி, கைக்கு ஒன்றாகப் பிடித்துத் தண்ணீரை முன்னால் தள்ளினேன். தெப்பம் பின்வாங்கியது. கெண்டையும் கூடவே வந்தது.

கரையேறியதும் கேட்டார்: "இப்பச் சொல்லு, துடுப்பா, பெடலா?"

"செருப்புண்ணே."

அவர் சிரிக்கவில்லை. என் செருப்பை வாங்கித் திருப்பிப் பார்த்து, சாண் வைத்து அளந்து, தெப்பத்தின் தகர விசிறியையும் ஒரு பார்வை பார்த்தார். எதற்கு அளந்தார் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.