அக்காவின் களைத்த செபம்

எங்கள் அக்கா ஆண்டவரின் இளைப்பாற்றிக்குள் சென்று ஓராண்டு நிறைகிறது. எத்தனையோ அடக்கப் பூசைகளில் காதில் விழுந்த சொல்தான் இளைப்பாற்றி. அக்காவின் சாவில்தான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. அவ்வளவு உழைத்து ஓய்ந்த உடம்பு அது. இந்த நினைவு மலரைப் படிக்கிற உறவினர்களும் நண்பர்களும் என் எழுத்தில் சோர்வு தெரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். கடைசி ஏழு மாதம் அவரைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் நான். அந்த அசதி இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை.

செஞ்சிக்கும் வல்லத்துக்கும் நடுவே உள்ள சிற்றூரில், கூலி வேலை செய்த நைனாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த மகளாய்ப் பிறந்தார். என்னைவிட ஒன்பது வயது பெரியவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. கோயிலில் உபதேசியார் சொல்லிக்கொடுத்த செபங்களை மட்டும் ஒரு சொல் பிசகாமல் வைத்திருந்தார். கோபக்காரர். என்னை அவர் திட்டாத நாள் குறைவு. திட்டிவிட்டுத் தன் தட்டில் இருப்பதை எனக்குத் தள்ளிவிடுவார்.

பதினெட்டு வயதில் அவரை மாமாவுக்குக் கொடுத்தார்கள். மாமா கிணறு வெட்டுகிறவர். எங்கள் பக்கத்தில் பத்தடி தோண்டினால் பாறை வந்துவிடும். அந்தப் பாறையில் துளை போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரியைப் பற்றவைத்துவிட்டு மேலே ஏறி வருவது அவர் வேலை. இரண்டு பிள்ளைகள் பிறந்தன, இரண்டும் தங்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் வயல்களுக்குக் கரண்டு மோட்டார் வந்தது. எல்லாரும் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். மண்டகப்பட்டுப் பக்கம் ஒரு கிணற்றில், வெடிக்காமல் நின்றுபோன துளையைப் பார்க்க மாமா இறங்கினார். குனிந்தபோது அது வெடித்தது. உயிர் தப்பியது. இரண்டு கண்ணும் போய்விட்டன. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா நாற்பது நாள் கிடந்தார். இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொன்னதை மாமாவிடம் சொல்ல வேண்டியவரும் அக்காவாகவே இருந்தார்.

அதன்பிறகு மாமா கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அக்கா வல்லத்தில் ஒரு சமணக் குடும்பத்தில், நயினார் வீட்டில், வேர்க்கடலை உடைக்கப் போனார். ஞாயிறுதோறும் செஞ்சிக் கோயிலுக்கு நடந்தே போய்வருவார். திரும்பி வந்ததும் மாமா கேட்பார்.

“போற, வேண்டிக்கிற, வர. இன்னா குடுத்தாரு உன் சாமி?”

அக்கா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருப்பார். எனக்குத்தான் ஆறவில்லை.

“மாமா இப்டி பேசறாரே, நீ பதிலே சொல்ல மாட்டியா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பதில் தெரிஞ்சா சொல்ல மாட்டனா? எனக்கே தெரியல. அந்த மொறத்த எடு” என்றார்.

ஒருநாள் நானும் அவரோடு கடலை உடைக்கப் போயிருந்தேன். உச்சிவேளையில் பக்கத்து வீட்டுப் பெண் மூச்சிறைக்க வந்தாள். “உன் வூட்டுக்காரரு தடிய ஊனிக்கினு கெணத்துப் பக்கம் போறாரு” என்றாள். அக்கா முறத்தைப் போட்டுவிட்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

அது மாமாவே வெட்டிய கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது. விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா கத்தவில்லை, கையைப் பிடித்து இழுக்கவுமில்லை. நடையை நிதானமாக்கி, அருகில் போய் அவரைப் போலவே உட்கார்ந்தார். நான் சற்றுத் தள்ளி நின்றுவிட்டேன்.

“யாரு?”

“நான்தாங்க.”

“வேல கெடக்குமே, நீ ஏன் வந்த?”

“கெடக்குது. கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன். காலு வலிக்குது.”

அக்கா முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு மாமாதான் கேட்டார்.

“எனக்கு கண்ணு வேணும்னுதான வாரா வாரம் போற? வராதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் எதுக்கு உனக்கு இந்த நட?”

“கண்ணு கேட்டு ஆறு மாசம் அழுதேன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. இப்ப கேக்கறதே இல்ல.”

“அப்ப அங்க போயி இன்னாதான் பண்ற?”

“சும்மா உக்காந்திருக்கேன். அவரும் அடிபட்டு சிலுவையில தொங்கறவருதான. அவருகிட்ட நான் ஒண்ணும் வெளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. அந்தக் கொஞ்ச நேரம் நெஞ்சு பாரம் கொறயுது. வேற எங்கயும் கொறயலங்க.”

மாமா தடியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு, “தண்ணி எவ்ளோ நிக்குது?” என்று கேட்டார்.

அக்கா எட்டிப் பார்த்தார். “அடியில கொஞ்சம். பாற தெரியுது.”

“இன்னும் ரெண்டு ஆளு ஆழம் போவணும்னு அன்னிக்கே சொன்னேன். நெலத்துக்காரரு கேக்கல” என்றார் மாமா. சொல்லிவிட்டு எழுந்திருக்கக் கையை நீட்டினார்.

அந்த வாரமே மாமா கோயிலுக்கு வந்துவிட்டார் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அவர் வர இன்னும் பல மாதங்கள் ஆயின. அதுவரை லத்தீனில் நடந்துவந்த பூசை அந்த நாட்களில்தான் தமிழுக்கு மாறியது. “பூச தமிழ்ல ஆயிடுச்சு. ஒரு தரம் வந்து கேளுங்க. புடிக்கலன்னா வராதீங்க” என்று அக்கா சொன்னார். முன்பெல்லாம் மாமாவுக்குப் பூசை என்பது கண்ணால் பார்ப்பதாகவே இருந்தது. அன்று கடைசி வரிசையில் தலையைச் சாய்த்து, காதால் முழுப் பூசையும் கண்டார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார். அங்கே நின்று, “எல்லாம் புரியுது. சாமியாருதான் கொஞ்சம் வேகமா சொல்றாரு” என்றார். அக்கா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

விசுவாசத்தால் கஷ்டம் குறைந்ததா என்றால், இல்லை. மழை பொய்த்தது. ரேஷனில் அரிசிக்குப் பதில் கோதுமை போட்டார்கள், சில வாரம் அதுவும் இல்லை. மாமாவும் உட்கார்ந்து, கை தடவிக் கடலை உடைக்கப் பழகினார். அரை வயிற்றோடு இருவரும் செபமாலை சொன்ன மாலைகளை நான் பார்த்திருக்கிறேன். செபத்தின் நடுவே அக்கா தூங்கிவிழுவார். மாமா எழுப்பமாட்டார், விட்ட இடத்திலிருந்து தானே சொல்லி முடிப்பார்.

பிறகு அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. அறுக்க முடியாது என்றார்கள். இருவரையும் செஞ்சியில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு அழைத்துவந்தேன். வலியில் அவர் முனகும்போது எனக்கு ஆண்டவர்மேல் கோபம் வந்தது. அதையும் அக்காவிடம் சொன்னேன். “கோச்சிக்க. அவருக்குப் பழக்கந்தான்” என்றார்.

கடைசி வாரத்தில், “பயமா இருக்குதா அக்கா?” என்று கேட்டேன்.

“பயம் இல்ல. அசதிதான்.”

மறுநாள் காலை, மாமா செபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் மூச்சு நின்றது. “மாமா, அக்கா போயிட்டாங்க” என்றேன். அவர் செபத்தை நிறுத்தவில்லை. மிச்சமிருந்ததைச் சொல்லி முடித்து, கைநீட்டி அக்காவின் நெற்றி, இமை, உதடு எல்லாவற்றையும் மெல்லத் தடவினார். கலியாணமான புதிதில் பார்த்த முகம்தான் கையில் தெரிகிறது என்றார்.

நோயில் கிடந்த காலத்தில் வாரம் தவறாமல் பஸ்ஸில் வந்து பார்த்த வல்லம் நயினார் வீட்டு அம்மாவுக்கும், வெடி வெடித்த அன்று மாமாவைக் கிணற்றிலிருந்து தூக்கிவந்தவர்களுக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குச் சாமியாருக்கும், கேட்காமலே வந்து கல்லறைக் குழி வெட்டிய மாமாவின் பழைய கூட்டாளிகளுக்கும், அந்த ஏழு மாதமும் முகம் சுளிக்காத என் வீட்டுக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யாரையாவது மறந்திருந்தால் அது என் அசதி என்று மன்னிக்கவும்.

மாமா எங்களோடுதான் இருக்கிறார். நினைவுப் பூசைக்கு வருகிறவர்கள் அவரைப் பார்க்காமல் போகவேண்டாம். ஆறுதல் வார்த்தை எதுவும் தேட வேண்டியதில்லை. கையைப் பிடித்து, இன்னார் வந்திருக்கிறேன் என்று பெயரைச் சொன்னால் போதும்.