இன்னொரு கை ஆளி விதை

கோழிக்காரம்மா என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கோழிக் கொட்டகையே கதி. வளர்த்த கோழிகள் ஒருமுறை நோயில் மொத்தமாகப் போனபோது, "போதும், இழுத்து மூடிடலாம்" என்றார் புருஷன். அவளா கேட்பாள்? அழுது அடம்பிடித்து மறுபடியும் குஞ்சு வாங்க வைத்தாள். "இதுவும் சரிப்படலேன்னா நானே கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டுடறேன்" என்று வாக்கும் கொடுத்தாள்.

புதிதாக வாங்கிய செவலை நிறக் குஞ்சுகளை இடுப்பில் தூக்கி வைக்காத குறையாக வளர்த்தாள். முதல் முட்டை விழுந்த அன்று கொட்டகையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். முட்டையோ புறா முட்டை அளவுதான் இருந்தது. கேக் கடைக்காரர் பெரிய முட்டைதான் எடுப்பார்; அவர் எடுத்தால்தான் கொட்டகை ஓடும். தீவனக் கடைக்காரரிடம் புலம்பியபோது, ஆளி விதையைப் பொடித்துக் கலக்கச் சொன்னார். "போகப் போக முட்டை பெருக்கும், இதைப் போட்டா சத்தாவும் இருக்கும்மா. ஆனா அளவு மீறாதீங்க, இந்தச் செவலைக் கோழிக்கு ஒத்துக்காது."

சத்து என்ற சொல் மட்டும் அவள் காதில் விழுந்தது. பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுகிற கை அளவு பார்க்குமா? ஒரு கை போட வேண்டிய இடத்தில் இரண்டு கை போட்டாள். சட்டியைத் தட்டினால் போதும், கோழிகள் இறக்கையை விரித்துக்கொண்டு ஓடி வரும். "மெதுவாடி, மெதுவா! யாரு புடுங்கிக்கப் போறா?" என்று அதட்டிக்கொண்டே இன்னொரு கை போடுவாள்.

முட்டை பெருத்தது. கேக் கடைக்காரரும் எடுத்துக்கொண்டார். இரண்டே நாளில் மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். மீன் நாற்றம் அடிக்கிறதாம்.

அவளுக்கு வந்ததே கோபம்! கோழி முட்டையில் மீன் எங்கேயிருந்து வரும்? ஒன்றை அவித்து முகர்ந்து பார்த்தாள். புருஷனும் முகர்ந்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே" என்றார். யாரோ வேண்டாதவர்கள் தூபம் போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, இன்னும் நாலு முட்டையை அவித்துத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு கடைக்கே போய்விட்டாள்.

"தம்பி, மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க. இதுலயா நாத்தம்?" கல்லாவுக்கு முன்னால் நின்றபடியே ஓட்டை உரித்து, கடித்துத் தின்று காட்டினாள்.

கடைக்காரர் வாசல் பக்கம் நகர்ந்தார். கேக் வாங்க வந்திருந்த பெண் மூக்கைப் பொத்தினாள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த கடைக்காரரின் மனைவி பின்பக்கம் ஓட, ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, உங்களுக்கு நெஜமாவே தெரியலையா?" என்றார் கடைக்காரர்.

வாய்க்குள் முட்டை அப்படியே நின்றது. அப்போதுதான் அடுப்பிலிருந்து கேக் எடுத்திருந்தார்கள், ஆவி பறந்துகொண்டிருந்தது. அந்த வாசனைக்கே தெருவில் நின்றுவிட்டுப் போவார்கள். அவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்தாள். ஒன்றுமே இல்லை. கொட்டகைக்கு வருகிற வெளியாள் எச்ச நெடியில் கண்ணெரிச்சல் தாங்காமல் ஓடுவான். அவளும் புருஷனும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "எங்களுக்குப் பழகிப்போச்சு" என்று பெருமை வேறு. பழக்கமாவது ஒன்றாவது! மூக்கு செத்தே போயிருந்தது. தீவனக் கடைக்காரர் விதை ஒத்துக்காது என்றது இதைத்தான் என்று இப்போது உறைத்தது.

"வெதைய நிறுத்திடறேன் தம்பி. கொஞ்ச நாள்ல சரியாயிடும். உங்க கால்ல வேணாலும் விழறேன்."

"ஐயோ அக்கா, அப்படியெல்லாம் பேசாதீங்க. வேற பண்ணையில சொல்லிட்டேன். உங்க முட்டையில செஞ்ச கேக்கு அத்தனையும் திரும்பி வந்துடுச்சு. இனிமே நான் வாங்கினாலும் என் வீட்டுக்காரி உள்ள விடமாட்டா."

மற்ற கடைகளிலும் ஏறி இறங்கினாள். அவளுக்கு முன்னால் பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. "மீன் முட்டை அக்காவா?" என்று ஒருவர் சிரித்தே விட்டார். வீட்டுக்கு வந்து, கொடுத்த வாக்குப்படி கறிக்கடைக்காரரை அவளே கூப்பிட்டாள்.

வண்டி வந்தது. புருஷன் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டார். கொழுகொழுவென்று வளர்ந்த கோழிகள் ஆட்களின் கைக்குச் சிக்காமல் மூலைக்கு மூலை பறந்து மோதின.

"அடிபட்டுச் சாகுதுங்க. நீயே கூப்பிடேன்" என்றார் புருஷன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் சட்டியை எடுத்து, மிச்சமிருந்த ஆளி விதையை எல்லாம் அதில் கொட்டித் தட்டினாள். அத்தனை கோழிகளும் இறக்கையை விரித்துக்கொண்டு ஓடி வந்து அவள் காலைச் சுற்றிக்கொண்டன.

"மெதுவாடி" என்றாள். "மெதுவா."