ஆணியில் மாட்டிய நாரை

ஜெயப்ரியாவுக்கு நன்றி சொல்ல வராது. மன்னிப்பு கேட்பது அதைவிட வராது. பெற்ற அப்பனே ஒப்புக்கொள்கிற விஷயம் இது. அப்பேர்ப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், கையில் ஜாங்கிரி டப்பாவோடு சந்தவாசல் பஸ் ஏறிப் போய், காத்தவராயன் வீட்டு வாசலில் உள்ளே போகலாமா வேண்டாமா என்று நின்றாள் என்றால், அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

அவள் அப்பா வீரபாகு ஆரணி கொசப்பாளையத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர். கட்டம் போட்ட கிராப் தாளில் ஒவ்வொரு கட்டமாகப் புள்ளி வைத்து மயிலையும் மாங்காயையும் கொண்டுவருவார். அதைப் பார்த்து அட்டை குத்துவது காத்தவராயன் வேலை. தாளில் புள்ளி இருக்கிற இடத்தில் அட்டையில் ஓட்டை. அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டினால், ஓட்டை இருக்கிற இடத்தில் நூல் எழும்பும், பார்டரில் உருவம் விழும். அவ்வளவுதான் சூட்சுமம்.

வீரபாகு வீட்டு வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி உண்டு. முடிந்த டிசைனைப் பையில் போட்டு அந்த ஆணியில் மாட்டிவிடுவார். காத்தவராயன் வருவார், எடுப்பார், போவார். அது என்ன, யாருக்கு, எத்தனை அட்டை என்று ஒரு கேள்வி கிடையாது. ஆணியில் தொங்கினால் அது குத்த வேண்டியது. இருபது வருஷமாக இரண்டு பேருக்கும் இதுதான் பேச்சுவார்த்தை.

மற்ற பிள்ளைகள் கிராப் தாளில் கணக்குப் போட்டார்கள். ஜெயப்ரியா அப்பா கழித்துப்போட்ட தாள்களில் பூனை வரைந்தாள். வேலூரில் படித்துவிட்டுச் சென்னையில் வீடியோ கேம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். மொத்தமே பதினோரு பேர். முதலாளி தனசேகரன். அவர்கள் ஏற்கெனவே ஒரு ஆட்டம் வெளியிட்டிருந்தார்கள். ஒரு நாரை ஏரிக்கு ஏரி பறக்கும், விரலால் தட்டித் தட்டிப் பறக்க வைக்க வேண்டும். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் கொஞ்ச நாள் அதைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இவளைச் சேர்த்தது இரண்டாம் பாகத்துக்கு. அதில் நாரைக்கு இறக்கையிலும் காலிலும் அடி. பறக்க முடியாது. கடைசி ஏரி வரைக்கும் நடந்தே போக வேண்டும்.

"பறக்கிறத யாரு வேணா வரையலாம்மா. நடக்க வை, பாப்போம்" என்றார் தனசேகரன்.

மூன்று மாதம் முட்டி மோதினாள். நாரை ஒருநாள் கோழி மாதிரி நடந்தது, மறுநாள் பரேடு போகிற போலீஸ்காரர் மாதிரி நடந்தது. சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தவள், வாசலில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தபோது காத்தவராயன் பையை எடுக்க வந்தார்.

காத்தவராயனுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிவிட்டது. சொந்தமாகக் காணி நிலம் இல்லாத குடும்பம், கூலி வேலைக்கும் இந்தக் கால் உதவாது என்றுதான் பதினைந்து வயதில் ஆரணிக்கு அனுப்பி அட்டை குத்த விட்டார்கள். இடது காலைக் கொஞ்சம் வளைத்து வீசுவார். அது தரையில் படுவதற்கு முன்னால் காற்றில் ஒரு கணம் யோசிக்கும். தோள் இறங்கும், அப்புறம் வலது கால் வந்து சேரும். அவசரமே இல்லாத நடை, ஆனால் யாருக்கும் பின்தங்காத நடை. ஜெயப்ரியா பிறந்ததிலிருந்து பார்த்த நடைதான், அன்றைக்குத்தான் பார்த்தாள்!

லேப்டாப் சென்னையில் இருந்தது. அப்பாவின் கிராப் தாளை எடுத்தாள். அப்பா மாதிரியே கட்டத்துக்குக் கட்டம் புள்ளி வைத்து, ஒரே மூச்சில் எட்டுத் தாள், எட்டு நாரை. ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் கால் எட்டு விதமாக நிற்கிறதே, அந்த எட்டு. காத்தவராயனிடம் மட்டும் சொல்லவில்லை. ஒரு மனுஷனின் ஊனத்தைப் பார்த்து வரைந்தேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

கல்யாண வீடு, குழந்தைகள் கையில் சிக்கினால் தாள் கப்பலாகிவிடும். பையில் போட்டுப் பத்திரமாக மாட்டினாள். எங்கே மாட்டினாள்? அந்த ஆணியில்! டிசைன்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் செய்கிற காரியமா இது? மாட்டிவிட்டு வந்தவாசி மண்டபத்துக்குப் போனவள், தேசூர் உறவுக்காரர்கள் விருந்தையும் முடித்துக்கொண்டு பத்து நாள் கழித்துத்தான் வந்தாள்.

வந்தபோது வீட்டு முன்னால் பட்டு வியாபாரி மாணிக்கவேல் குதித்துக்கொண்டிருந்தார். கையில் அரைகுறையாக நெய்த பார்டர். சாதாரணமாக ஒரு அன்னத்துக்கு அட்டை குத்தினால் அதையே சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். காத்தவராயன் எட்டு நாரைக்கும் தனித்தனியாக முந்நூற்று எண்பத்து நாலு அட்டை குத்தியிருந்தார்.

"கொக்க எந்தக் கல்யாணப் பொண்ணுயா கட்டுவா? அதுவும் எட்டுக் கொக்கு, எட்டு விதமா நொண்டிகினு!"

நொண்டிகினு என்றதும் அங்கே நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். காத்தவராயன் மட்டும் நிமிர்ந்து நின்றார். நான்தான் மாட்டினேன் என்று ஜெயப்ரியா சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. அதற்குப் பதிலாக வாய் என்ன சொன்னது தெரியுமா?

"பாத்து எடுக்க மாட்டீங்களாண்ணா? கண்ணு எங்க போச்சு?"

"தப்பாயிடுச்சு பாப்பா" என்றார் காத்தவராயன். அட்டைகளைக் கொண்டுபோய் எரிக்கச் சொன்னார் மாணிக்கவேல். எட்டுத் தாளையும் பிடுங்கிக்கொண்டு இவள் சென்னை பஸ்ஸைப் பிடித்தாள்.

சென்னையில் நாரை நடந்தது. ஆபீஸில் எல்லோரும் அவள் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்று பார்த்தார்கள். தனசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நடையை வைத்தே இரண்டு வருஷம் ஏரி, வரப்பு, மழை, கடைசி ஏரி என்று கட்டிக்கொண்டே போனார்கள். வெளியிட இரண்டு மாதம் இருக்கும்போது கம்பெனி திவாலானது. காலையில் போனால் கதவில் சீல். கம்ப்யூட்டர்கள் ஏலத்துக்குப் போயின. வாடகைக்கு எடுத்த சர்வரில் இருந்ததெல்லாம், வாடகை நின்றதும் அழிந்துபோயிற்று. பென்டிரைவ் கொண்டுபோனாலே வாசலில் வாங்கி வைத்துக்கொள்கிற ஆபீஸ், அதனால் யாரிடமும் ஒரு பிரதி இல்லை. எட்டு கிராப் தாளும் அவள் மேஜை டிராயரில் இருந்தன. மேஜையோடு போயின.

ஊருக்குத் திரும்பி அப்பாவோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போட்டாள். கஞ்சிக்குப் பஞ்சமில்லை. ஆனால் மனசு நாரையிடமே கிடந்தது. வேலை கேட்டு எழுதிய நாலு கேம் கம்பெனியும் ஒரே மாதிரி கேட்டன. நீங்கள் செய்ததைக் காட்டுங்கள். எதைக் காட்டுவாள்? முதல் பாகத்தில் அவள் இல்லை. இரண்டாம் பாகமே இல்லை. இரண்டு வருஷம் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டால் காட்ட ஒரு துண்டுத் தாள் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் கொச்சியிலிருந்து ஒரு கம்பெனி எழுதியது. வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் வரைந்த ஒரு நடையை அனுப்புங்கள், நன்றாக இருந்தால் மேலே பேசலாம், ஆரணியிலிருந்தே வேலை செய்யலாம். திங்கள் முழுக்க மறுபடி வரைந்து பார்த்தாள். கோழிதான் வந்தது. பார்த்து வரையலாம் என்றால் அந்த நடையே இப்போது இல்லை. ஒரு முகாமில் காத்தவராயனுக்கு அடி உயர்த்திய செருப்பு கொடுத்திருந்தார்கள், மனுஷர் இரண்டு வருஷமாக நேராக நடக்கிறார். நல்ல விஷயம்தான், இவள் வயிற்றெரிச்சலுக்கு அது என்ன செய்யும்?

செவ்வாய் காலை காத்தவராயன் பை எடுக்க வந்தார்.

"இன்னாண்ணே, பாப்பா மொகத்தத் தூக்கி வெச்சிகினு கீது?" என்று வீரபாகுவைக் கேட்டார்.

"அத ஏன் கேக்கற. அது அன்னிக்கு வரைஞ்ச நாரைப் படம் வேணுமாம். எல்லாம் பூடுச்சு."

"எந்த நாரை? அந்த எட்டுக் கொக்கா?" காத்தவராயன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அது எங்கூட்டுப் பரண்ல கீதே."

ஜெயப்ரியா எழுந்தே விட்டாள். "எரிக்கச் சொன்னாங்களேண்ணா!"

"சொன்னாங்க. எனுக்குத்தான் மனசு வரல. எட்டும் பாத்தா ஒரே கொக்கு மாதிரியும் கீது, ஒண்ணுக்கொண்ணு கொஞ்சூண்டு மாறியும் கீது. இத்தப் போட்டவ சும்மா போட்டிருக்க மாட்டா, இன்னாவோ கணக்கு வெச்சிருக்கானு தோணிச்சு. எப்பனா நீயே வந்து கேப்பேன்னு கட்டி வெச்சேன்."

அவள் திட்டிவிட்டுப் போன அன்றைக்கு அவர் நினைத்தது இது. அப்போதும் ஜெயப்ரியாவுக்கு நன்றி என்ற சொல் வெளியே வரவில்லை, "எப்ப எடுத்துகினு வருவீங்க?" என்றுதான் வந்தது. பிறவிக்குணம்!

மறுநாள் காலை பஸ்ஸில் அட்டைக்கட்டு வந்து இறங்கியது. ஓரத்தில் கொஞ்சம் கரையான், நடுவில் ஒன்றும் ஆகவில்லை. காத்தவராயன் ஒவ்வொரு அட்டையாக வெளிச்சத்துக்கு எதிரில் பிடித்துப் படித்தார். "அஞ்சு சும்மா, ரெண்டு ஓட்டை, ஒண்ணு சும்மா, மூணு ஓட்டை." அவள் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பினாள். அலகு வந்தது. கழுத்து வந்தது. நடுநடுவே, இந்த நாரை நடந்தே போகிற ஆட்டத்தைப் பற்றியும் அவரிடம் சொன்னாள். புதன், வியாழன் போய் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கடைசி அட்டை. ஒரு கட்டம் தப்பில்லை, இருபது வருஷக் கை!

"ஜல்தியா அனுப்பு பாப்பா. நான் பஸ்ஸுக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டார்.

எட்டு நாரையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓடவிட்டாள். இடது கால் வளைந்து வந்தது. காற்றில் ஒரு கணம் யோசித்தது. தோள் இறங்கியது. வலது கால் வந்து சேர்ந்தது. ஜெயப்ரியா சின்னக் குழந்தை மாதிரி அழுதாள், அழுதுகொண்டே அனுப்பினாள்.

திங்கட்கிழமை பதில் வந்தது. அந்தப் பறவையை எங்கள் ஆபீஸில் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம், எப்போது சேர்கிறீர்கள்?

அதனால்தான் மறுநாள் ஜாங்கிரி டப்பா, சந்தவாசல் பஸ், வாசலில் தயக்கம் எல்லாம். காத்தவராயன் பையெடுக்க வராத நாளாகப் பார்த்துத்தான் போனாள். அவர் மனைவி சின்னபொண்ணு எட்டிப் பார்த்து, "அட, வாம்மா! ஏன் வெயில்ல நிக்கற?" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனதால் தப்பித்தாள்.

வேலை கிடைத்ததைச் சொன்னாள். இரண்டு பேருக்கும் வாயெல்லாம் பல். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணா, அன்னிக்கு ஆணியில மாட்டுனது நான்தான். உங்க மேல தப்பே இல்ல. எல்லார் எதுர்லயும் உங்களத் திட்டிட்டேன்" என்றாள்.

"எனுக்குத் தெரியுமே" என்றார் காத்தவராயன். "வீரபாகு அண்ணன் பைய ரெண்டு முடிச்சு போட்டு மாட்டுவாரு. அதுல ஒரு முடிச்சுதான் இருந்திச்சு. ஆணியில தொங்கினா குத்தறதுதான், நான் கேள்வி கேக்கல."

"தெரிஞ்சும் ஏண்ணா சொல்லல?"

"வுடு பாப்பா. கல்யாணத்துக்கு வந்த பொண்ண எதுக்குப் பேஜார் பண்ணணும்?"

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. போனை எடுத்து நாரையை ஓடவிட்டு அவர் கையில் கொடுத்தாள்.

காத்தவராயன் பார்த்தார். சிரித்துக்கொண்டே பார்த்தவர், மெதுவாகச் சிரிப்பை நிறுத்தினார். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சின்னபொண்ணு அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "யம்மா!" என்று வாயில் கை வைத்தாள். அவளுக்குத் தெரியாதா, கல்யாணமான நாளிலிருந்து பின்னாலேயே நடந்து வந்தவளுக்கு?

"எடது காலு..." என்றார் காத்தவராயன்.

"ஆமாண்ணா" என்றாள் ஜெயப்ரியா. "கேலிக்கு வரையலண்ணா. நான் பாத்ததுலயே அழகான நடை அதுதான். சத்தியமா."

அவர் செருப்பைக் கழற்றினார். எழுந்து, கையில் போனோடு, அறையின் அந்தச் சுவர் வரைக்கும் வெறுங்காலோடு நடந்தார், திரும்பி வந்தார். தன் காலையும் நாரையின் காலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நம்ம கையாலயே நம்ம நடையக் குத்திகினு இருந்திருக்கேன்" என்றார். அப்புறம் கேட்டார், "அந்த ஆட்டத்துல கடேசில இந்தக் கொக்கு கெலிக்குமா?"

ஆட்டமே வெளிவரவில்லை. கதையின் முடிவு தெரிந்தவர்கள் உலகத்திலேயே பதினோரு பேர்தான்.

"கெலிக்கும்ணா" என்றாள் ஜெயப்ரியா. "கடைசி ஏரி வரைக்கும் நடந்தே போய்ச் சேந்துடும். ரொம்ப நன்றிண்ணா."

"அப்ப சரி" என்று காத்தவராயன் உட்கார்ந்து ஜாங்கிரி டப்பாவைத் திறந்தார். "இன்னொரு வாட்டி ஓடவுடு, இவளும் நல்லாப் பாக்கட்டும்."