மஞ்சள் துணிக்குள் மஞ்சள் காசு

கூடுவாஞ்சேரி துளசிங்கத்துக்கு எல்லாப் பேச்சும் வரும். 'வேண்டாம்' என்ற ஒரு சொல் மட்டும் வராது. பூர்வீக நிலத்தை, புரோக்கர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் விற்றவர் அவர். இன்று அங்கே மனைகள் யானை விலை, குதிரை விலை. அதைச் சொல்லிச் சிரிக்காவிட்டால் மச்சான் மோகன்ராஜுக்குச் சோறு இறங்காது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எதையும் அவன் விட்டுவைத்ததில்லை.

அந்த ஒரு ரூபாயும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஒரு ரூபாய் என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும். இது பித்தளைச் சொம்பு மாதிரி மஞ்சளாக இருந்தது. யாரும் வாங்காத காசைப் பூக்காரி இவர் கையில் தள்ளினாள். இவரும் வாங்கிக்கொண்டார். தாம்பரம் ஸ்டேஷன் வாசல் டீக்கடைக்காரர் அதைத் திருப்பிக் கொடுத்தபோது, பக்கத்தில் நின்றவர் வாங்கிப் பார்த்துவிட்டு டீயைக் கீழே வைத்துவிட்டார். அவர் செம்பாக்கம் அனந்தகிருஷ்ணன், ரிடையர்டு பேங்க் ஆபீஸர், விதவிதமான காசுகள் சேர்ப்பதில் பைத்தியம்.

"சார், வேற காசுக்கு வெட்டி வெச்ச உலோகத்துல இந்த முத்திரை தவறி விழுந்திருக்கு. ரொம்ப அபூர்வம். ஞாயித்துக்கிழமை பணத்தோட வரேன், யாருக்கும் குடுத்துடாதீங்க!"

அவர் சொன்ன விலையைக் கேட்டதிலிருந்து துளசிங்கம் தரையில் நடக்கவில்லை. மனைவி செல்லியம்மாளிடம், "ஒரு அதிசயக் காசு கீது, விக்கப் போறேன்" என்று மட்டும் சொன்னார். காட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அம்மன் படத்தின் காலடியில் வைத்துவிட்டு, மோகன்ராஜைக் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். அவன் வாயை அடைக்க வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை அனந்தகிருஷ்ணன் பூதக்கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். படத்தின் காலடியில் காசு இல்லை.

"மஞ்சக் காசா? முடிஞ்சு வெச்சிட்டேன்" என்றாள் செல்லியம்மாள். ஆணியில் மஞ்சள் துணி முடிச்சு தொங்கியது. "இந்த வாட்டியாவது நீ ஏமாறக் கூடாதுன்னு அம்மனுக்கு நேந்துக்கினேன்யா. அவ காலாண்டயே மஞ்சளா ஒரு ரூபா. அவளே எடுத்துக் குடுத்த மாதிரி இருந்துச்சு."

"அடிப்பாவி, அதாண்டி அந்தக் காசு!"

"எனக்கு இன்னா தெரியும்? நீ சொன்ன அதிசயக் காசு வெள்ளைக்காரன் காலத்து வெள்ளிக் காசுன்னு நெனச்சேன்."

"அவுத்துடு."

"வேண்டுதல் பலிக்காம அவுக்கக் கூடாது."

"வித்தாதானே பலிக்கும்? அவுத்தாதானே விக்க முடியும்?"

"பலிச்சுதுன்னா அது உண்டியலுக்குய்யா. அம்மன் காசு."

மோகன்ராஜ் சோபாவில் உருண்டு சிரித்தான். "நெலத்துக்காவது கையில ஏதோ வந்துச்சு மாமா!"

அனந்தகிருஷ்ணன் சிரிக்கவில்லை. மகள் மிருதுளாவின் விசாவுக்காக அவர் வீட்டிலும் ஒரு முடிச்சு தொங்கியது; வேண்டுதல் சட்டம் தெரிந்தவர். பையிலிருந்து காந்தத்தை எடுத்து, முடிச்சின்மேல் பயபக்தியோடு வைத்தார். ஒட்டவில்லை.

"சாதா ரூபாயா இருந்தா ஒட்டும். இது இரும்பு இல்லை, அதேதான். நான் அவிழ்க்காமலே வெச்சுக்கறேன், முடிச்சோட குடுங்க. ஆனா பார்க்காம வாங்கறேன் பாருங்க, அதனால சொன்னதுல பாதி."

"மாமா சரின்னுடுவாரு சார். டீ சொல்லட்டா?" என்றான் மோகன்ராஜ்.

டீ என்றதும் துளசிங்கம் நிமிர்ந்தார்.

"வேணாம்."

யார் பேசியது என்று அவரே திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னும் உரக்க, "வேணாம் சார். விக்கல. டீயும் வேணாம்" என்றார். அனந்தகிருஷ்ணன் முழு விலைக்கு ஏறினார், அதற்கும் மேலே ஏறினார். வேணாம், வேணாம். சொல்லச் சொல்ல அப்படி ஒரு சுகம். மோகன்ராஜின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

செல்லியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து ஆணியிலிருந்து முடிச்சைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பலிச்சிடுச்சுய்யா" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலைப் பார்த்து நடந்தாள்.

மூன்று ஆண்களும் பின்னால் ஓடினார்கள். உண்டியலருகே அவள் திரும்பி, புருஷனைப் பெருமை பொங்கப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. துளசிங்கம் வாயைத் திறந்தார். அந்தச் சொல் வரவில்லை.

துணிக்குள் இருந்ததால் காசு விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.