ஞாயிற்றுக்கிழமை பூட்டிக்கொண்ட கிளவுட்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் கிளார்க். பஸ்ஸில் நடந்தது, வீட்டில் நடந்தது என்று வாராவாரம் நான் எழுதுவதையே நீங்கள் பொறுத்துக்கொள்வது பெரிய விஷயம். இந்த வாரம் கிளவுட் கம்ப்யூட்டிங் பற்றி எழுதப் போகிறேன்! அதையே தொழிலாகச் செய்யும் வாசகர்கள் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிறீர்கள் என்று தெரியும். தப்பு இருந்தால் மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள். கடிதம் மட்டும் போடாதீர்கள்... எனக்குக் கூச்சமாக இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை. விடியற்கால ஆராதனையை முடித்துவிட்டு எட்டு மணிக்கு வேலைக்குப் போனேன். எங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. இந்தப் பக்கம் பல தோல் கம்பெனிகளில் அப்படித்தான். கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரே ஒரு வரி. பராமரிப்பு வேலை நடக்கிறது, மாலை ஆறு மணிக்கு வாருங்கள் என்று.

மூன்று தடவை மூடித் திறந்து பார்த்தேன். அதே வரி.

அந்தப் பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் எங்கள் ஷூவை வாங்கும் ஜெர்மனி பையரிடமிருந்து ஆர்டர் மெயிலில் வரும். அதைப் பார்த்து நான் டைப் செய்வேன். எந்தப் பெட்டியில் எந்த சைஸ், எந்தக் கலர், எத்தனை ஜோடி... அதிலிருந்து பெட்டிக்கு ஒட்டும் லேபிள் வரும். போன வருஷம் முப்பத்தெட்டுக்கு முப்பத்தொன்பது என்று அடித்துவிட்டேன். ஆறு பெண்கள் இரண்டு நாள் தின்னரில் நனைத்த துணியோடு உட்கார்ந்து லேபிளைத் தேய்த்து எடுத்தார்கள். ஒருத்தியும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

பிறகுதான் கிளவுட், அதாவது மேகம் என்ற இந்தப் புது ஏற்பாடு பற்றிப் பேச்சு வந்தது. சாஃப்ட்வேர் நம் ஆபீசில் இருக்காது, எங்கேயோ இருக்கும், நெட்டில் திறந்து பார்க்க வேண்டும். பையரின் சிஸ்டமும் நம் சிஸ்டமும் நேராகப் பேசிக்கொள்ளும். நடுவில் டைப் அடிக்க ஆள் வேண்டாம். என்னைப் போன்ற சங்கோஜிக்கு இதைவிட நிம்மதி உண்டா? அவை இரண்டும் பேசிக்கொள்ளட்டும், நான் சும்மா இருப்பேன்!

யாருக்கு இது வேண்டும் என்று மீட்டிங்கில் மேனேஜர் கேட்டார். பதினெட்டு வருஷ சர்வீசில் முதல் முறையாகக் கை தூக்கினேன். ஒரே கை.

எங்கள் சர்வர் ரூமைப் பார்த்துக்கொள்ளும் பாஷா பாய்க்கு அது பிடிக்கவே இல்லை. அந்த ஏசி ரூம்தான் அவர் ராஜ்ஜியம். “நம்ம ஊர் மேகத்த பாத்துக்கினு தானே இருக்கீங்க எஸ்தரம்மா? வர்ற மாதிரி வரும், நிக்காம பூடும். அத நம்பியா கப்பல் ஏத்தப் போறீங்க?” என்றார். மூன்று மாதம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் பழையபடி டைப் அடிக்கலாம் என்று மேனேஜர் முடித்தார்.

அந்த மூன்றாவது மாதத்தில்தான் இந்த ஞாயிறு.

ஆயிரத்து நானூறு பெட்டி. திங்கள் காலை கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். பெண்கள் சாயங்காலம் ஐந்தரைக்குப் போய்விடுவார்கள். மத்தியானத்துக்குள் லேபிள் வராவிட்டால் கன்டெய்னர் நிற்கும், கப்பல் போய்விடும், என் கை தூக்கலும் அதோடு போய்விடும்.

பாஷா பாய் வாசலில் வந்து நின்றார். “இன்னா எஸ்தரம்மா, மேகம் இன்னிக்கி லீவா?”

சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டு நீங்களே பேசுங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நான் போனில் பேசுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் பேப்பரில் எழுதி வைத்துக்கொள்வேன். ‘ஹலோ’ என்பதைக்கூட. அன்றைக்கும் எழுதினேன். ஏழு வரி.

சென்னையில் கார்த்திக் என்ற இன்ஜினியர் எடுத்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது... ஏதோ கல்யாண மண்டபம்.

“மேடம், சண்டே கூடவா வேலை செய்றீங்க?”

என் ஏழு வரியில் இதற்குப் பதில் இல்லை. எங்களுக்கு வெள்ளிதான் லீவு என்றேன். தங்களிடம் நாற்பது கம்பெனி இருப்பதாகவும், எல்லோருக்கும் ஞாயிறுதான் லீவு என்று நினைத்துவிட்டதாகவும் அவர் சொன்னார். புதன்கிழமையே உங்கள் சர்வர் இன்சார்ஜுக்கு மெயில் போட்டோமே என்றார்.

திரும்பிப் பார்த்தேன். பாஷா பாய் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளவுட் மேல் உள்ள கோபத்தில் அந்தக் கம்பெனி மெயில் பக்கமே அவர் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

எங்களுக்கு மட்டும் திறந்துவிட முடியாதா என்று கேட்டேன். முடியாதாம். வேலூர் சத்துவாச்சாரியில் லைன் வீட்டில் இருந்தவள் நான், எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே தண்ணீர்த் தொட்டி. தொட்டி கழுவும் நாளில் என் வீட்டுக் குழாயில் மட்டும் தண்ணீர் வருமா?

ஆனால் முதல் நாள் இரவு எல்லா ஆர்டர்களையும் எடுத்து வைத்த நகல் ஒன்று வேறு இடத்தில் இருக்கிறதாம். அதைப் பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், மாற்ற முடியாது. அவர் தயங்கினார். “அதுக்கப்புறம் உங்க பையர் ஏதாவது சைஸ் மாத்தியிருந்தா மொத்த லேபிளும் தப்பாயிடும் மேடம். என்னால கேரண்டி தர முடியாது.”

பேப்பரைக் கீழே வைத்தேன்.

“மாத்தியிருக்க மாட்டாங்க சார். வெள்ளி சாயங்காலம் பூட்னா திங்கக்கெழமதான் அவங்க கம்ப்யூட்டர தொடுவாங்க. பதினெட்டு வருஷமா பாக்கறேன். ஒரு தடவ கூட சனி, ஞாயிறுல அங்கருந்து ஒரு வரி வந்ததில்ல. நீங்க தெறங்க, நான் பொறுப்பு.”

நான் பொறுப்பு! யார் பேசியது என்று எனக்கே சந்தேகம்.

பதினொன்றே காலுக்கு முதல் லேபிள் வெளியே வந்தது. பிரிண்டர் பக்கத்தில் நின்று கட்டுக் கட்டாகக் கிழித்துக் கொடுத்தது யார் என்கிறீர்கள்? பாஷா பாய். இரண்டு டீயும் சொன்னார். “உங்களுக்குச் சக்கர ஜாஸ்தி போட சொன்னேன்” என்றார். ஐந்து இருபதுக்குக் கடைசிப் பெட்டி.

யோசித்துப் பார்க்கிறேன். கடல் தாண்டி இரண்டு கம்ப்யூட்டர் மூன்று மாதமாக ராப்பகலாகப் பேசிக்கொள்கின்றன. சைஸ் சொல்கின்றன, கலர் சொல்கின்றன. ஆம்பூருக்கு வெள்ளி லீவு, ஜெர்மனிக்குச் சனி, ஞாயிறு லீவு — இதை மட்டும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போன் போட வேண்டியிருந்தது. இந்தத் தொழிலில் இருக்கும் வாசகர்களே, புதிதாக ஒரு கஸ்டமர் வந்தால் எத்தனை யூசர், எவ்வளவு டேட்டா என்றெல்லாம் கேட்கிறீர்களே... என்றைக்கு லீவு என்றும் கேட்டுவிடுங்கள்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கன்டெய்னர் கிளம்பியது. உங்கள் வார விடுமுறை எந்த நாள் என்று கார்த்திக்கிடமிருந்து நாற்பது கம்பெனிக்கும் மெயில் வந்தது. எங்களுடையதை பாஷா பாய் திறந்து, ‘வெள்ளி’ என்று பதில் அனுப்பினார்.